வீட்டுக்குள் முந்நூறு வாட்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் நலம். அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் மேலே எழுதுகிறேன்.

போன வாரம் மூன்று முறை கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை என்று இவளிடம் குறைப்பட்டுக்கொண்டாயாம். கோபித்துக்கொள்ளாதே. லிஃப்ட் பழுதுபார்க்க அதன் கூரைமேல் நிற்கிறவன் எப்படிப் போன் எடுப்பான்? சாயங்காலம் எடுத்தால் லைனில் ஒரே இரைச்சல். நீ சொல்வதில் பாதிதான் காதில் விழுகிறது. அதனால் இனிக் கொஞ்ச நாள் கடிதமே எழுதலாம் என்று இருக்கிறேன். என் கோழிக்கிறுக்கலைப் படித்து உனக்கும் நாளாகிவிட்டதே.

உன் மருமகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் கதவு திறந்துகொண்ட லிஃப்ட் மாதிரி இருக்கிறாள். நான் அப்படிச் சொன்னதற்கு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

இப்போது உன்னிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். நீ சிரிப்பாய், பரவாயில்லை. என் பேஸ் கிட்டாருக்குப் புது ஆம்ப்ளிஃபையர் வாங்கப்போகிறேன். எங்கள் குழு வாரம் ஒரு முறை மேடை ஏறுகிறது. அங்கே அவர்களே பெட்டி வைத்திருப்பார்கள். இது வீட்டில் வாசித்துப் பழக. என்னிடம் இருக்கும் பதினைந்து வாட் பெட்டி எட்டு வருடம் உழைத்தது. இப்போது அதற்கு ஏதோ ஆகிவிட்டது. மெல்லிய தந்திகள் மூன்றும் பேசுகின்றன. அடிச்சத்தம் தரும் தடித்த தந்தியை மீட்டினால் விரல் படுகிற 'டக்' மட்டும் வருகிறது, நாதம் வரவில்லை. டிரம்ஸ் வாசிக்கும் மொட்டையிடம் கொடுத்துப் பார்த்தேன். "பெட்டிக்கு ஒண்ணும் இல்லடா, நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பித் தந்துவிட்டான். அவன் இருபது வருடமாக டிரம்ஸ் அடிக்கிறவன், அவன் காதை எப்படி நம்புவது?

கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார். மேடைக்கா, வீட்டுக்கா என்று கேட்டார். வீட்டுக்கு, அதுவும் அக்கம்பக்கத்தில் யாரும் முகம் சுளிக்காமல் மெல்ல வாசிக்க என்றேன். "அப்ப முப்பது வாட் போதும் சார்" என்றார். சின்ன சாமானே போதும் என்று சொல்கிற கடைக்காரரை நான் அன்றுதான் பார்க்கிறேன்.

நான் விடவில்லை. சின்னப் பெட்டியைக் கத்தவைப்பதைவிடப் பெரிய பெட்டியை மெல்லப் பேசவைத்தால் அடிச்சத்தம் உருண்டு வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன். அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்து, மூன்றிலும் சத்தத்தை ஒரே அளவுக்குக் குறைத்துவிட்டு, கிட்டாரை என் கையில் கொடுத்தார்.

முப்பது வாட்டில் தடித்த தந்தி வரவே இல்லை. நூறு வாட்டில் பக்கத்து வீட்டில் யாரோ கட்டிலை நகர்த்துவது போல வந்தது. முந்நூறு வாட், பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர். அதில்தான் கொஞ்சம் வந்தது. அதுவும் சுதி சற்றே விலகினாற்போல். கடைக்காரர் சுதிக் கருவியை மாட்டிக் காட்டினார், முள் நட்டநடுவில் அசையாமல் நின்றது. "மூணுலயும் நல்லாத்தான சார் வருது? ஏன் சார் தலையை அப்படிச் சாய்ச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். பழக்கம் என்றேன். அப்படி ஒரு பழக்கம் எனக்கு இருப்பது அவர் கேட்கும்வரை எனக்கே தெரியாது.

முந்நூறு வாட் பெட்டியையே எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் வைக்க இடமில்லை என்கிறாள் இவள். நீ என்ன சொல்கிறாய்? போனில் இரைச்சல் என்று எழுதினேனே, அதை இவளிடம் கேட்க வேண்டாம். வீணாகக் கவலைப்படுவாள்.

உன் நல்ல வாக்கை எதிர்பார்க்கும்,
தம்பி

*

மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அவ்வளவு பெரிய பெட்டி வேண்டாம் என்று எழுதியிருந்தாய். உன் கடிதம் வருவதற்குள் பெட்டி வந்துவிட்டது. மொட்டையும் நானும் மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறினோம். லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. இதைச் சொல்லிச் சொல்லி மொட்டை வழிநெடுகச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படிகள் ஒரு பக்கமாகச் சரிந்திருப்பது போலத் தோன்றியது. பாரம் தூக்கிய களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா, இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி.

முதல் நாள் சாயங்காலம் சத்தத்தை ஒன்றில் வைத்து வாசித்தேன். அடுத்த நாள் இரண்டு. நான்காம் நாள் நான்கில் வைத்திருந்தேன். அப்போதும் எனக்கு அது அளவான சத்தமாகத்தான் இருந்தது. உன் மருமகள் ஓடிவந்து என் முட்டியைத் தட்டினாள். நிமிர்ந்து பார்த்தால் இவள் இரண்டு கையாலும் கண்ணாடி அலமாரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. வாசலில் கீழ்வீட்டுத் தையல்காரம்மா. எப்போது அழைப்புமணி அடித்தது, யார் கதவைத் திறந்தார்கள், எனக்கு எதுவும் தெரியாது.

தையல்காரம்மா நல்ல மாதிரி, சண்டைக்கு வரவில்லை. "அண்ணே, என் குண்டூசி டப்பா மேஜையில தானா நகருது. நீங்க வாசிக்கிறது எனக்குப் பிடிக்கும். ஆனா டப்பா நடந்து போய் விளிம்புல நிக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இவள் தன் நகப்பூச்சை எடுத்து வந்து, ஆம்ப்ளிஃபையரின் சத்தக் குமிழில் ஒன்றரைக்கு நேராக ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட்டாள். "இதைத் தாண்டினா பெட்டி தெருவுக்குப் போகும், கூடவே நீங்களும்" என்றாள்.

மறுநாள் யாரும் இல்லாத நேரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பெட்டியின் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு ஹெட்போனில் மட்டும் கேட்கும்படி அதில் ஒரு வசதி இருக்கிறது. தடித்த தந்தியை மீட்டினேன். வலது காதில் மெலிதாக வந்தது. இடது காதில் ஒன்றுமே இல்லை, ஓட்டை விழுந்தாற்போல. ஹெட்போனில்தான் கோளாறு என்று அதைத் திருப்பி மாட்டினேன். வலது குமிழ் இடது காதுக்கு, இடது குமிழ் வலது காதுக்கு. அக்கா, அந்த ஓட்டை இடம் மாறவே இல்லை. இடது பக்கத்திலேயே நின்றது.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. கிட்டார் மடியில் கிடந்தது. பள்ளிவிட்டு வந்த உன் மருமகள் காதில் ஹெட்போனை மாட்டி, ரெண்டு பக்கமும் கேக்குதா என்று கேட்டேன். "ரெண்டுலயும் யானை நடக்குதுப்பா" என்றாள்.

வேலையிடத்தில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். போன திங்கள், ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் கூரைமேல் நின்று கம்பிவடம் ஓடும் உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேலே இயந்திர அறையிலிருந்து என் கூட்டாளி ஏதோ கேட்டான். என்ன கேட்டான் என்று எனக்குப் புரியவில்லை. இந்தச் சில மாதங்களாக எனக்கு ஒரு வழக்கம் வந்திருக்கிறது. புரியாததற்கெல்லாம் 'ம்' போட்டுவிடுகிறேன். 'ம்' என்றேன். "கையை எடுத்துட்டியா?" என்றுதான் அவன் கேட்டிருக்கிறான். வடம் ஓடியது. கையுறை உருளைக்குள் போய்விட்டது. கை வெளியே வந்துவிட்டது. எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கூட்டாளி இறங்கி வந்து, இரண்டாகக் கிழிந்து கிடந்த கையுறையைப் பார்த்துவிட்டு, அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதான். தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொண்டான். நான் அவனைத் திருத்தவில்லை. வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்ற பயம். அந்தப் பழியை அவன் தலையில் இறக்கிவைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன், அக்கா.

இப்போது நான் வீட்டில் ஒரு காரியம் செய்கிறேன். உன் மருமகள் படம் வரையும்போது அவளுக்குப் பின்னால் போய் நின்று, மிக மெல்லக் கூப்பிடுகிறேன். ஒரு நாள் இடது பக்கம், ஒரு நாள் வலது பக்கம். திரும்புகிறாளா என்று பார்க்கிறேன். இதுவரை திரும்புகிறாள். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு நொடி தாமதித்தால் மறுபடியும் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.

இவளிடம் இன்னும் சொல்லவில்லை. நீயும் சொல்லிவிடாதே. டாக்டரிடம் போ என்று எழுதுவாய். போனால் ஏதாவது சொல்லிவிடுவாரே. போகாதவரைக்கும் இது ஹெட்போன் கோளாறாகவே இருக்கட்டும்.

தைரியம் சொல்லி நாலு வரி எழுது.

உன்
தம்பி

*

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து இரண்டு கடிதம் வந்து, நான் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. எழுத உட்கார்ந்தால் எழுத்து கண்முன்னே நகர்ந்தது. இப்போது பரவாயில்லை. பயப்படாமல் படி.

பத்து நாள் முன்பு, காலை பத்து மணி இருக்கும். வேலைக்குப் போகிற வழியில், வங்கிக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் போய்க்கொண்டிருந்தேன். இடது காதில் இரைச்சல் ஏறியது. ஏறிக்கொண்டே போய், காதுக்குள் பஞ்சை அடைத்த மாதிரி கம்மென்று ஆகிவிட்டது. அடுத்த நொடி தெரு சுழன்றது. தலை சுற்றல் என்று எல்லோரும் சொல்கிற மாதிரி இல்லை, அக்கா. தரையே ஒரு தட்டு மாதிரி சுழன்றது. விளக்குக் கம்பத்தைப் பிடித்தேன், அதுவும் சேர்ந்து சுழன்றது. உட்கார்ந்தேன், பிறகு படுத்தேன். சட்டையிலேயே வாந்தி எடுத்தேன். எழுந்திருக்கலாம் என்று கையை ஊன்றினால் மறுபடி சாய்ந்து விழுந்தேன்.

ஆட்கள் ஒதுங்கிப் போனார்கள். ஒரு பெண் தன் குழந்தையை மறுபக்கம் இழுத்துக்கொண்டாள். யாரோ ஒருவர் நின்று பார்த்துவிட்டுச் சொன்னது என் வலது காதில் தெளிவாக விழுந்தது. "காலைலயே ஊத்திக்கிட்டு வந்துட்டான் பாரு."

நான் குடிக்கலை என்று சொல்ல வாயெடுத்தேன். நாக்கு குழறியது. "சத்தியமா குடிக்கலைங்க, தலை சுத்துது" என்றேன். என் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தைகளை நானே கேட்டேன், அக்கா. அந்தக் குரல் யாருடையது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தையல்காரம்மாதான் பார்த்திருக்கிறார். நூல் வாங்கப் போனவர் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஆளைப் பார்த்துச் சத்தம் போட்டாராம். "வாயை மோந்து பாத்தியா நீ? மோந்து பாரு முதல்ல!" என்று. இவளுக்கு அவர்தான் தகவல் சொன்னார்.

எல்லாவற்றையும் இவளிடம் சொன்னேன். கையுறை, ஹெட்போன், எதையும் மறைக்கவில்லை. அன்று முழுக்க இவள் என்னோடு பேசவில்லை. சாயங்காலம் பொறுக்க முடியாமல், "பேசு. நீ பேசாம இருக்கியா, இல்ல எனக்குத்தான் கேக்கலையான்னு தெரியல" என்றேன். அழுகையும் சிரிப்புமாக என் முதுகில் இரண்டு அடி வைத்தாள். பிறகு காது மருத்துவரிடம் கூட்டிப்போனாள்.

மருத்துவர் அம்மா கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு சின்ன அறைக்குள் என்னை உட்காரவைத்தார். கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். முதலில் விசில் மாதிரிச் சத்தங்கள், அழுத்தினேன். பிறகு ஒன்றும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கை கருவியின் மேல் அசைந்துகொண்டே இருக்கிறது. அப்படியென்றால் சத்தம் வந்துகொண்டிருக்கிறது. எனக்கு என் நெஞ்சு அடிப்பது மட்டும்தான் கேட்டது. பொய்யாக அழுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

காதின் உள்ளே இருக்கும் நீரின் அழுத்தம் கூடிவிடுகிற நோயாம். அதனால்தான் இரைச்சல், அதனால்தான் சுழற்சி. மற்றவர்களுக்கு வயதானால் கீச்சுச் சத்தம் முதலில் போகும், இதில் அடிச்சத்தம் முதலில் போகுமாம். ஊரில் எத்தனையோ பேர் இருக்க, பேஸ் வாசிக்கிறவனைத் தேடி வந்திருக்கிறது பார். இடது காது பாதிக்குமேல் போய்விட்டது. வலதில் தொடங்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லை. மாத்திரை கொடுத்திருக்கிறார், உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். போனது திரும்புமா என்று கேட்டதற்கு, சிலருக்கு வரும் போகும், சிலருக்குப் போகும் என்று நிறுத்திக்கொண்டார்.

உயரத்தில் ஏறக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். கம்பெனியில் போய் அதைக் கொடுத்து, கையுறை விஷயத்தில் தப்பு என்னுடையது என்று கூட்டாளியை நிற்கவைத்துக்கொண்டே சொன்னேன். அவன் என் தோளைப் பிடித்து அழுத்தினான். உதிரிபாகக் கிடங்கில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை நாளைக்கோ தெரியாது.

முந்நூறு வாட் பெட்டியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி துடைத்தார். "அன்னைக்கே கேட்டிருக்கணும் சார்" என்றார். பிறகு, பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும், செருப்பில்லாமல் உட்கார்ந்து முழங்காலைப் பெட்டியோடு ஒட்டிவைத்து வாசித்துப் பாருங்கள் என்றார். சின்னப் பெட்டி இந்த அளவு மெல்லிய சத்தத்தில் அதிராது, இது அதிரும் என்றார். அது உண்மைதான். சிவப்புக் கோட்டைத் தாண்டாமலே அடித்தந்தி என் காலெலும்பில் ஏறுகிறது. கீழே குண்டூசி நகரவில்லை. சுதி சரியா என்று உன் மருமகள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். ஆனால் பயம் போகவில்லை, அக்கா. ஒவ்வொரு நாளும் விழித்தவுடன் விரலைச் சொடுக்கிப் பார்க்கிறேன். முதலில் வலது, பிறகு இடது.

இனி எழுத வேண்டியதுதான் கஷ்டமானது.

மருத்துவர் அம்மா கேட்டார், வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று. சில குடும்பங்களில் இது வழிவழியாக வருமாம். நான் வாயைத் திறக்கவில்லை. இவள்தான் என்னைப் பார்த்தாள்.

அப்பா அச்சகத்தில் வேலை இழந்தது நினைவிருக்கிறதா? மேலாளர் கூப்பிட்டால் திரும்ப மாட்டார், நடந்தால் தள்ளாடுவார், குடிகாரர் என்றார்கள். உன் கல்யாண வரவேற்பில் கண்ணாடித் தட்டோடு மாப்பிள்ளை வீட்டார் மேல் விழுந்தாரே. மண்டபமே சிரித்ததே. "இவர் என் அப்பா இல்லை" என்று நீ சொன்னபோது அவர் தரையில் உட்கார்ந்தபடி சொன்னார். "சத்தியமா குடிக்கலம்மா, தலை சுத்துச்சு" என்று. மறுநாள் காலை நீ புறப்பட்டுப் போனவள்தான். அவர் செத்ததற்கும் நீ வரவில்லை. உன்மேல் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்று கேள்.

நீ போன பிறகு, அவர் தூங்கும்போது நான் போய் அவர் வாயருகே முகத்தை வைத்து மோந்து பார்ப்பேன். ஒரு முறை இல்லை, எத்தனையோ முறை. ஒரு நாளும் வாடை வந்ததில்லை. வாடை வராமல் குடிக்கத் தெரிந்த பெரிய கள்ளன் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிடுவேன். பன்னிரண்டு வருடம் அப்படித்தான் நினைத்தேன். நடைபாதையில் விழுந்து கிடந்த அன்றுவரைக்கும்.

உன் போன கடிதத்தில், பிள்ளைகள் கூப்பிடுவது காதில் விழுவதில்லை, நாலு முறை கத்த வேண்டியிருக்கிறது என்று வேடிக்கையாக எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு காரணமாக இருக்கலாம், இருக்க வேண்டும். ஆனாலும் அக்கா, உன் காலில் விழுந்து கேட்கிறேன். நாள் கடத்தாதே. ஹெட்போன் கோளாறு என்று நான் உட்கார்ந்திருந்த மாதிரி நீ உட்கார்ந்திருக்காதே. அத்தானைக் கூட்டிக்கொண்டு போய் உன் காதைக் காட்டு, பிள்ளைகளையும் காட்டு.

அங்கேயும் மருத்துவர் அதே கேள்வியைக் கேட்பார். உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது இது இருந்ததா என்று. நீ என்ன பதில் சொன்னாய் என்பதை மட்டும் எனக்கு எழுது.

நீ நல்ல காதோடும் நல்ல உடம்போடும் நூறு வயது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கும்,

உன் தம்பி